மஞ்சள் பூ பூப்பதெல்லாம் கரிசலாங்கண்ணி அல்ல

கடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி தரிசனம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, வழியில் ஒரு தள்ளுவண்டியில் ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்று சொல்லி விற்ற நாலு நாற்றை இவருடைய மாமியார் வாங்கி வந்திருக்கிறார். வள்ளலார் உண்ணச் சொன்ன கீரை வீட்டிலேயே இருக்கட்டும் என்பது அவர் ஆசை. கிணற்றடியில் வைத்தார்கள். முதல் வருடம் அழகாகப் படர்ந்தது. அடுத்த வருடம் மழைக்குப் பிறகு வேகம் பிடித்தது. இன்று தோட்டத்தில் ஒன்றரை சென்ட் இடம் அதனுடையது. வேலிக்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டு வாழைக்கொல்லைக்குள்ளும் போய்விட்டது. பின்பக்க வாய்க்கால் கரையிலும் பூத்து நிற்கிறது. கரையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் வெட்டி வாய்க்காலிலேயே தள்ளிவிட்டுப் போனார்களாம்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாலில் கலந்து வீட்டில் சாப்பிடுகிறார்கள். ஆறு மாத கர்ப்பிணியான மகள் தை பிறந்ததும் வளைகாப்புக்கு வருகிறாள். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதால் அவளுக்கென்று ஒரு பாட்டில் பொடி தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். இதற்கிடையில், சிதம்பரத்தில் வேளாண்மை படித்த சித்தப்பா மகன் வந்து பார்த்து, “இது கரிசலாங்கண்ணியே இல்லை அக்கா, பூங்காவில் வைக்கிற வெடேலியா” என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனோ, நீங்கள் எடுக்காவிட்டால் நானே களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிடுவேன் என்கிறார். மாமியார் தொடவே விடமாட்டேன் என்கிறார். உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் மூலிகைத் தோட்டத்துக்கு நாலு கொடி கேட்டிருக்கிறார். “மூலிகை எப்படி ஐயா களையாகும்? நான் யார் பேச்சைக் கேட்பது?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தோடு இரண்டு புகைப்படமும், பிளாஸ்டிக் உறைக்குள் ஈரக் காகிதம் சுற்றி ஒரு கொப்பும் வைத்திருந்தீர்கள். அந்தக் கொப்பை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. தபாலில் ஐந்து நாள் கிடந்திருக்கிறது. உறையைப் பிரித்து மேசை மேல் வைத்தபோது இலைகள் துவண்டிருந்தன. ஆனால் நடுக்கணுவில் அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஒரு வேர் புதிதாக எட்டிப் பார்த்தது. உங்கள் தோட்டத்தில் நடந்தது என்ன என்பதை அந்த ஒரு வேரே எனக்குச் சொல்லிவிட்டது.

உங்கள் சித்தப்பா மகன் சொன்னது சரி. நீங்கள் வளர்ப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணி அல்ல. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் ஆகியவற்றைச் சேர்ந்த ஒரு படர்செடி. தாவரவியலில் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்பார்கள். பழைய பெயர் வெடேலியா டிரைலோபேட்டா. நர்சரிக்காரர்கள் வாயில் இன்றைக்கும் வெடேலியாதான். சிலர் சிங்கப்பூர் டெய்சி என்பார்கள். தரையை மூடும் அழகுச் செடியாக உலகம் முழுக்கக் கொண்டுபோய் வைத்தார்கள். 2000-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு, உலகின் மிக மோசமான அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று நூறைப் பட்டியலிட்டது. அதில் ஆகாயத்தாமரையும் உண்ணிச்செடியும் இருக்கின்றன. உங்கள் கிணற்றடிச் செடியும் இருக்கிறது.

முதல் வேலை அந்தப் பொடி பாட்டில்

தோட்டம் பத்து நாள் காத்திருக்கும். மகளுக்கென்று எடுத்து வைத்த பாட்டில் காத்திருக்கக் கூடாது. இதைப் படித்து முடித்ததும் அதையும், நீங்கள் சாப்பிடும் பொடியையும் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

காரணம் இருக்கிறது. இந்தச் செடியின் தாயகமான கரீபியப் பகுதிகளில் நாட்டு மருத்துவத்தில் இதைப் பயன்படுத்துகிறார்கள். எதற்குத் தெரியுமா? நின்றுபோன மாதவிடாயை வரவழைக்கவும், பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடி வெளியேறவும். இதை மேய்ந்த கால்நடைகளுக்குக் கரு கலைந்ததாகவும் வெளிநாடுகளில் குறிப்புகள் உண்டு. மனிதர்களுக்கு எவ்வளவு அளவில் என்ன செய்யும் என்று கணக்கிட்டுச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை. ஆனால் கருப்பையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஒரு செடியை வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல இவ்வளவு தெரிந்தால் போதும்.

“மூன்று வருடமாகச் சாப்பிடுகிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் ஆகாதது நல்லது. பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மகளுக்கும் ஆகாது என்பதற்குச் சாட்சி ஆகாது. நான் செடி பார்க்கிறவன், மருத்துவன் அல்ல. வீட்டில் யாருக்காவது கல்லீரல், சிறுநீரகத் தொந்தரவு இருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இந்த இலையைச் சாப்பிட்டு வந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். மகள் போன தடவை வந்தபோது சாப்பிட்டிருந்தால், அவளைப் பார்க்கும் டாக்டரிடமும் கொப்பைக் காட்டிப் பெயரைச் சொல்லுங்கள். ரத்தக் குறைவுக்கு அவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடட்டும். சித்த மருந்துதான் வேண்டும் என்றால், அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

பூவைப் பார்த்து ஏமாற வேண்டாம், இலையைப் பாருங்கள்

உங்கள் அத்தை ஏமாந்ததில் அவர் தவறு ஒன்றுமில்லை. அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் இதே சாமந்திக் குடும்பம்தான். அதற்கும் மஞ்சள் பூதான். அதுவும் தரையோடு படரும், கணுவில் வேர்விடும். அதன் தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. பழைய பெயர் என்ன என்று பாருங்கள்: வெடேலியா சைனென்சிஸ். ஆக மூலிகைக்காரர் ‘வெடேலியா’ என்றாலும் உண்மை, நர்சரிக்காரர் ‘வெடேலியா’ என்றாலும் உண்மை. ஒரே வீட்டுப் பெயர், ஆள் வேறு.

கிணற்றடிக்குப் போய் ஒரே கொடியில் பத்து இலை பறித்துத் தட்டில் பரப்புங்கள். ஒன்றிரண்டு இலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்; நிழலில் வளர்ந்த இலை சில சமயம் மழுங்கலாக இருக்கும். உங்கள் செடியின் இலை தடிப்பாக, எண்ணெய் தடவினாற்போல் மினுமினுப்பாக இருக்கும். இரண்டு பக்கமும் தோள் தூக்கியதுபோல் பிதுங்கி, நுனியோடு சேர்த்து மூன்று மடலாகத் தெரியும். ஓரத்தில் பல் பல்லாக வெட்டு இருக்கும். டிரைலோபேட்டா என்ற சொல்லுக்கே மூன்று மடல் கொண்டது என்றுதான் பொருள். நீங்கள் அனுப்பிய கொப்பில் இருந்த எட்டு இலையில் ஏழு இப்படித்தான் இருந்தன. அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலையோ நீளவாட்டில் ஒடுங்கியிருக்கும், தொட்டால் சொரசொரக்கும், தோள் பிதுங்காது, ஓரத்தில் பல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். சாதாரணக் கரிசலாங்கண்ணி என்று நாம் சொல்லும் கையாந்தகரை இந்த இரண்டுமே அல்ல. அதற்கு வெள்ளைப் பூ. கசக்கினால் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்து விரலில் ஒட்டும்.

என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். பூ, இலை, வேர்விட்ட கணு மூன்றும் சேர்ந்த ஒரு முழம் கொடியைச் செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, தினம் தாள் மாற்றி ஒரு வாரம் அழுத்துங்கள். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். புதுச்சேரி பக்கம் போகிறவர்கள் இருந்தால், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பெரிய உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. ஒரு தடவை பெயர் உறுதியானால் வீட்டில் வாக்குவாதம் பாதி அடங்கிவிடும்.

மூலிகை எப்படிக் களையாகும்?

நல்ல கேள்வி, சகோதரி. களை என்பது ஒரு செடியின் ஜாதி அல்ல. அது நிற்கிற இடமும் செய்கிற வேலையும்தான். தன் சொந்த ஊரில் இந்தச் செடி ஓர் ஓரமாகத்தான் இருக்கிறது. இங்கே அதைக் கடித்து அடக்கும் பூச்சியோ நோயோ உடன் வரவில்லை. வெயில் தாங்கும், நிழல் தாங்கும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். கடற்கரை மணலின் உப்பையும் தாங்கும். நம் பகுதியில் இந்த நான்கும் ஒரே தெருவில் இருக்கின்றன.

விதையைக் குருவி கொண்டுவந்து போட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். குருவி மேல் பழி வேண்டாம். இது விதையால் பரவுவது மிகக் குறைவு. பெரும்பாலும் தண்டால்தான் பரவுகிறது. ஒரு கணு உள்ள விரல் நீளத் துண்டு ஈரத்தில் விழுந்தால் போதும். வேலிக்கு அடியில் போனது கொடி. வாய்க்கால் கரைக்குப் போனது, தோட்டத்தைக் கூட்டி நீங்கள் பின்பக்கம் கொட்டிய குப்பையாகத்தான் இருக்கும். பிறகு அதை வெட்டித் தண்ணீரில் தள்ளினார்களே, அது ஒரு செடியை நூறு செடியாக்கி வண்டி ஏற்றி அனுப்பியதுபோல. உங்கள் வாய்க்கால் பரவனாற்றில் சேர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பரவனாறு பெருமாள் ஏரிக்குப் போகிறது. என் கவலை உங்கள் ஒன்றரை சென்டைவிட அதில்தான் அதிகம்.

தேனீ நிறைய வருகிறது, அதனால் நல்ல செடிதானே என்றும் கேட்டிருந்தீர்கள். தேனீ வருவது உண்மை. ஆனால் அந்த இடத்தில் முன்பு தும்பை, துளசி, நாயுருவி, பொடுதலை என்று மாறி மாறிப் பூத்துக்கொண்டிருந்திருக்கும். இப்போது ஒன்றே ஒன்று. இந்தச் செடியின் சாறு நெல் உள்ளிட்ட மற்ற விதைகளின் முளைப்பை மட்டுப்படுத்துவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென் சீனத்தில் இந்த வெளிநாட்டுச் செடி அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணியோடு கலந்து கலப்பினம் உருவாகியிருப்பதைத் தாவரவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த மூலிகையைக் காப்பாற்ற நினைத்து இதை வாங்கினீர்களோ, அந்த மூலிகைக்கே இது ஆபத்து.

இதை எழுதும்போது எனக்கும் மனசு உறுத்துகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அலுவலக வளாகத்தின் சரிவில் மண் அரிக்காமல் இருக்க என்ன வைக்கலாம் என்று கேட்டார்கள். வெடேலியா வையுங்கள், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அன்றைக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. அந்தச் சரிவுக்குக் கீழே இருந்த ஓடையைச் சில வருடம் முன்பு போய்ப் பார்த்தேன். கரை தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது

பயிர் வாடக் கண்டு தானும் வாடியவர் பேரைச் சொல்லி வாங்கிய செடியை வேரோடு பிடுங்குவதா என்று உங்கள் அத்தை கேட்டிருக்கிறார். அவரை மடக்கிப் பேசாதீர்கள். “அது விஷம், நீங்கள்தான் வாங்கி வந்தீர்கள்” என்று யாரும் சொல்ல விடாதீர்கள். 1867-இல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரியும் மண்ணில் வாழ்கிறவர் அவர். அந்த நம்பிக்கை தவறல்ல. வண்டிக்காரர் சொன்ன பெயர்தான் தவறு. வள்ளலார் கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் முசுமுசுக்கையையும் உண்ணச் சொன்னார். இந்தச் செடியைச் சொல்லவில்லை.

ஒரு காலையில் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். இரண்டு கையாலும் ஒரு முழ அகலத்துக்கு அந்தப் பச்சையைத் தூக்கிப் பிடித்து, அடியில் இருப்பதை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்த தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிறு திரித்தாற்போல் கிடக்கும். மண் தெரியாது. தேடினால் வெயில் படாமல் நூலாக இழுத்துக்கொண்டு போன கீழாநெல்லி ஒன்றோ, மஞ்சளாகிப்போன வல்லாரை இலை ஒன்றோ கிடைக்கலாம். முன்பு அங்கே வல்லாரை அடர்த்தியாக இருந்தது, இப்போது காணோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாடிய பயிர் எது என்று அவருக்கு அப்போது தெரியும். அதற்குமேல் நீங்கள் பேச வேண்டியதில்லை. அவர் கையாலேயே முதல் கொடியை எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

களைக்கொல்லி அடிக்கலாமா?

வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணனின் கோபம் நியாயமானது. அவர் கொல்லைக்குள் வந்த கொடியை வெட்டி எடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. உங்கள் செடியால் அவர் வாழைக்கு நஷ்டம் வந்தால் நஷ்டஈடு கேட்டு அவர் சிவில் நீதிமன்றம் போகவும் இடமுண்டு. ஆனால் உங்கள் இடத்துக்குள்ளோ வாய்க்கால் ஓரத்திலோ மருந்து அடிக்க அவருக்கு உரிமை இல்லை. அவர் சொல்லும் கிளைபோசேட் மருந்தைப் பயிற்சி பெற்ற, உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தினர் மூலமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில் ஆணை வெளியிட்டிருக்கிறது. கடையில் கிடைக்கிறது என்பதற்காக யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பதில்லை. அந்த மருந்துக்குக் களை எது, வாழை எது என்று தெரியாது. சாரல் பட்டால் அவருடைய வாழைக்கன்றே முதலில் சுருளும். மினுமினுப்பான இந்த இலையில் மருந்து சரியாகப் பிடிக்காமல் வழிந்துவிட்டால், மேலே கருகி அடிக்கணுவிலிருந்து மறுபடி தளிர்க்கும்.

உப்பும் வினிகரும் கலந்து ஊற்றினால் செத்துவிடும் என்று வீடியோவில் பார்த்ததாகச் சொன்னீர்களே, அதைச் செய்யவே செய்யாதீர்கள். கடற்கரை மணலிலேயே செழிக்கிற செடி இது. உப்பு கொட்டினால் உங்கள் கறிவேப்பிலையும் முருங்கையும் போகும், கிணற்றடி மண் கெடும், இது மட்டும் நிற்கும்.

போலீஸ் வழக்கு வருமா என்று பயப்பட வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் கொண்டுவந்த திருத்தம், ஊடுருவும் அயல் உயிரினங்களின் இறக்குமதி, விற்பனை, பரவல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. தெரியாமல் நாலு நாற்று வைத்த வீட்டாரைப் பிடிக்க வந்த சட்டம் அல்ல அது.

பிடுங்கும் முறை

உங்களுக்கு நேரம் சாதகமாக இருக்கிறது. வடகிழக்கு மழை விட்டு மண் இன்னும் ஈரமாக, பொலபொலவென்று இருக்கிறது. இப்போது இழுத்தால் வேர் முழுதாக வரும். மாசி, பங்குனி ஆகிவிட்டால் மண் இறுகி, தண்டு கையோடு அறுந்து வேர் உள்ளேயே தங்கிவிடும். அதனால் பொங்கலுக்கு முன்னும் பின்னுமாக இந்த வேலையை முடித்துவிடுங்கள். பின்னால் வரும் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

புல்வெட்டும் இயந்திரம், ரோட்டவேட்டர் இரண்டையும் கிட்டே சேர்க்காதீர்கள். ஒன்றை ஆயிரமாக நறுக்கித் தோட்டம் முழுக்க விதைத்துவிடும். கை, களைக்கொத்து, மண்வெட்டி போதும். இரண்டு பெண்கள் நாலு நாள் செய்கிற வேலை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாமந்திக் குடும்பச் செடிகளின் சாறு சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும்.

நடுவிலிருந்து தொடங்காதீர்கள். ஓரத்திலிருந்து, முதலில் வேலிப் பக்கமும் வாய்க்கால் பக்கமும், உள்நோக்கி வாருங்கள். ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணைக் கொத்தி இளக்கி, கொடியைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டே போங்கள். ஒருவர் சுருட்ட, இன்னொருவர் பின்னாலேயே குந்தியபடி அறுந்த துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். இந்த இரண்டாவது ஆளின் வேலைதான் முக்கியம். சுருட்டுகிறவரைவிடப் பொறுக்குகிறவர் பொறுமைசாலியாக இருக்கட்டும்.

எடுத்ததை என்ன செய்வது? எருக்குழியில் போடாதீர்கள், அந்த ஈரத்தில் அது பிழைத்துக்கொள்ளும். குப்பைத்தொட்டிக்கும் அனுப்ப வேண்டாம், தெருமுனையில் கொட்டவும் வேண்டாம். பச்சையாக ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள், சினை மாடு இருந்தால் நிச்சயமாகக் கூடாது. மொட்டைமாடி சிமெண்ட் தரையிலோ தார்ப்பாய் மேலோ மெல்லிசாகப் பரப்பி, மண்ணைத் தொடாமல் மூன்று நாலு வாரம் காயவிடுங்கள். தண்டை வளைத்தால் சுள்ளிபோல் முறிய வேண்டும். துவண்டு வளைந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். முறிகிற பதம் வந்தபிறகு எருக்குழிக்குப் போகலாம். இடையில் மழை வந்தால் சுருட்டித் தார்ப்பாயால் மூடுங்கள்.

கிணற்றடிக் கற்களுக்கு இடையில், தென்னை வேரடியில் என்று பிடுங்க முடியாத இடங்கள் இருக்கும். அங்கே பழைய பிளக்ஸ் பேனரை இரட்டையாக மடித்து விரித்து, ஓரங்களை மண்ணாலும் கல்லாலும் அழுத்தி, மேலே தென்னை மட்டை போட்டு வெளிச்சமே புகாமல் ஆவணி வரைக்கும் மூடி வையுங்கள்.

இதோடு முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு சுற்று வர வேண்டும். முளைத்தது நாலு இலை விடுவதற்குள் எடுத்துவிடுங்கள். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சுற்று, மழை நடுவில் ஒரு சுற்று தவறக் கூடாது. இப்படி ஒரு வருடம் விடாமல் பார்த்தால் ஒன்றரை சென்ட் நிலத்தைத் திரும்ப வாங்கிவிடலாம்.

வாய்க்காலும் பள்ளிக்கூடமும்

வாய்க்கால் உங்களுடையது அல்ல. ஊராட்சியுடையதோ நீர்வளத்துறையுடையதோ என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும். தனியாக இறங்கி வேலை செய்யாதீர்கள். பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசி இருவரும் சேர்ந்து மனு எழுதுங்கள். ஊராட்சியில் நகராவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். செடியை எடுங்கள் என்று மட்டும் எழுதினால் போதாது. வேரோடு எடுக்க வேண்டும், வெட்டித் தண்ணீரில் தள்ளக் கூடாது, கரைமேல் ஏற்றிக் காயவைக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதுங்கள். ஆட்கள் வரும் அன்று நீங்கள் கரையில் நின்று மோர் கொடுத்துக்கொண்டே அந்த மூன்றையும் வாயாலும் சொல்லுங்கள். மருந்தடிக்கத் துடிக்கும் அந்த அண்ணனே, கூடச் சேர்ந்து வேலை செய்ய ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் இறங்கி வருவார் என்று நினைக்கிறேன். வேலியை ஒட்டிய இடத்தை இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் எடுத்ததை இன்னொருவர் பக்கம் திருப்பிக் கொடுத்துவிடும்.

பள்ளிக்கு ஒரு துண்டும் கொடுக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் நேரில் போய்க் காரணத்தைச் சொல்லுங்கள். மூலிகைத் தோட்டத்தில் தப்பான பெயர்ப் பலகையோடு இது நின்றால், அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு நூறு துண்டு போகும். ஏற்கெனவே வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள், முக்கியமாகப் பொடி செய்யக் கூடாது என்று.

காலியாகும் இடத்தைச் சும்மா விட வேண்டாம். ஈரமான கிணற்றடியில் வல்லாரையைத் திரும்ப வையுங்கள். மிதிபடும் இடத்தில் பொடுதலை தரையோடு நன்றாகப் பரவும்; அது நம் மண்ணின் செடி. அத்தை கேட்கும் மஞ்சள் கரிசலாங்கண்ணியை மட்டும் இப்போது தரையில் நடாதீர்கள். நீண்ட, சொரசொரப்பான இலை பார்த்து, தெரிந்த சித்த மருத்துவரிடம் காட்டி உறுதி செய்து, ஒரு தொட்டியில் வைத்து அவர் உட்காரும் திண்ணையோரம் கொடுங்கள். கிணற்றடி ஒரு வருடம் சுத்தமாக இருந்தபிறகு தரையில் இறக்கலாம். முதல் தளிர் வந்ததும் இலையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.